சுடுகாட்டுப் பாலத்துக்கு ஓட்டுக் கேட்டவர்

ஒரு பிணம் வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லி நான் சில வாரம் சோறு தின்றிருக்கிறேன். லோடு ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேல் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருத்தெருவாக அதைச் சொன்னேன். கதை என்னுடையது இல்லை. சொல்லச் சொன்னவருடையதும் இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் அவர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றார்.

ஊர் தென்காசியிலிருந்து அச்சன்புதூர் போகிற பக்கம். பெயர் வேண்டாம். எழுதினால் அதையும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வார். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவருக்கு அது மாலைதான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு மழைதான் காரணம். அப்போது குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் சீசன் முடிந்த பிறகும் மழை நிற்கவில்லை. அருவியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. குளிக்கத் தடை போட்டார்கள். தடை என்றால் போலீஸ்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு விசில் ஊதுவார். வந்த கூட்டம் தூர நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு பரோட்டா தின்னப் போய்விடும். குளிக்காதவன் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டான். அதற்கு முன்னால் செங்கோட்டையில் கேரளா லாரிகளுக்குக் காய்கறி மூட்டை ஏற்றினேன். அதற்கும் முன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். ஒரு வேலை போனால் அடுத்த வேலை வரும்வரை பசிக்கும். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று யாராவது வருவார்களா என்று கத்திக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் செயின், கையில் கார் சாவி.

"தொண்டை நல்லாருக்கேலே. மைக் புடிப்பியா?"

"சோறு உண்டுமா அண்ணாச்சி?"

"சோறு, கூலி, படுக்க எடம். எங்க அத்தான் எலெக்சன்ல நிக்காவ."

அப்படித்தான் வேட்பாளரின் மச்சினன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று இரவு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன்.

வேட்பாளருக்கு மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை. அவருடைய தாத்தா காலத்தில் நெல் விளைந்த வயலெல்லாம் அவர் காலத்தில் பிளாட் ஆகிவிட்டது. கல் நட்டு, வளைவு கட்டி, மகள் பெயரில் ஒரு நகர் உண்டாக்கியிருந்தார். ஆளைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இவர் கண்ணாடி முன்னால் நின்று கும்பிடப் பழகியிருக்கிறார் என்பதுதான். வேட்புமனு போட்ட நாளிலிருந்து அவரால் கையைப் பிரித்து வைக்க முடியவில்லை. ஒரு தடவை வண்டியில் நின்றபடி கும்பிட்டுக்கொண்டே வந்தார். யாரை என்று எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு எருமை மாடு மட்டும் நின்றது. வயசானவர்கள் காலில் தடாலென்று விழுவார். எழுந்து வண்டிக்குள் ஏறியதும் மச்சினன் சானிடைசர் பாட்டிலை நீட்டுவார். இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கும்பிடத் தயாராகிவிடுவார்.

ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இவருக்குப் பூட்டு சாவி கிடைத்தது. டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "அண்ணாச்சி, எதைப் பூட்டப் போறீரு?"

"ஊழலைப் பூட்டுவேன்."

"சாவிய யாருட்ட குடுப்பீரு, மச்சினனுட்டயா?"

கடையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மக்கள் பிரச்சினைதான் என் கொள்கை என்று நோட்டீஸ் அடித்திருந்தார். முதலில் மூன்று பிரச்சினைகள் இருந்தன. தெருவிளக்கு, குப்பை, சுடுகாட்டுப் பாலம். தெருவிளக்கைப் பற்றிப் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பையைப் பற்றிப் பேசினால், அவர் கடைக்குப் பின்னால் கிடக்கிற கிழிந்த சிமெண்ட் பைகளைக் கேட்டார்கள். பாலத்தைப் பற்றிப் பேசியபோது பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அன்றோடு மற்ற இரண்டும் போய்விட்டன. பாலம் ஒன்றே பிரச்சினை ஆயிற்று.

பிரச்சினை பொய் இல்லை. அந்த ஊரின் கீழத்தெருவுக்குச் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாலம் கிடையாது. யாராவது செத்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் கணுக்கால் நனையும். மலையில் மழை பெய்தால் இடுப்புக்கு மேல் வரும். வேட்பாளர் குடியிருந்த தெருவுக்குச் சுடுகாடு தார் ரோட்டை ஒட்டியே இருந்தது. தகரக் கொட்டகை, உட்காரப் பெஞ்சு, கை கழுவக் குழாய் எல்லாம் உண்டு. கீழத்தெரு வாய்க்காலை அவர் முதன்முதலாகப் பார்த்ததே நோட்டீஸுக்குப் படம் எடுக்கத்தான்.

கதை இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், கீழத்தெருவில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருக்கிறார்கள். பாசியில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, பிணம் தண்ணீருக்குள் போய்விட்டது. வேட்பாளர் அதைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். 'செத்த பிறகும் தண்ணீரில் தவித்த உடல்' என்று தொடங்கும். நான் தொண்டையைக் கொஞ்சம் இறக்கி, இடையில் நிறுத்தி, நன்றாகவே சொல்வேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தாளை வாங்கித் திருத்துவார். முதலில் உடல் படித்துறை வரைக்கும் போயிற்று. பிறகு அடுத்த ஊர் மதகு வரைக்கும் போயிற்று. பிறகு சிற்றாற்றில் கலந்துவிட, ஊரே திரண்டு தேடியது.

சிற்றாற்றில் கலந்த அன்றைக்குத்தான் கீழத்தெருவில் ஒரு அக்கா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். எனக்குப் பார்த்த முகம். குற்றாலத்தில் லாட்ஜுகளுக்குப் போர்வையும் தலையணை உறையும் துவைத்துக் கொடுப்பவள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான்.

"ஏலே, மைக்க அணை. யாரச் சொல்லுத நீ?"

"தெரியாதுக்கா. எழுதிக் குடுத்ததப் படிக்கேன்."

"எங்க அப்பாவத்தான்லே சொல்லுத. போன வாரம் படித்துறை வரைக்கும் போனாவ. இன்னைக்குச் சிற்றாத்துக்கே கொண்டு போயிட்ட. நாளைக்கு எங்க, திருச்செந்தூர் கடலுக்கா?"

டிரைவர் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. நடந்தது என்ன என்று சொன்னாள். அப்போது அவள் சின்னப் பெண். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பதால் தெரு முக்கிலேயே நின்றிருக்கிறாள். வாய்க்கால் பக்கமிருந்து ஆண்கள் கூப்பாடு போட்டது கேட்டிருக்கிறது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் உடலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். துடைத்து, மறுபடியும் கட்டி, கொண்டுபோய் எரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் கூட்டிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க அம்மை உள்ள படுத்துக் கெடக்கா," என்றாள். "இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. உன் மைக்குச் சத்தம் வரும்போதெல்லாம், ஏட்டி என்னையும் தண்ணியில போட்ருவாவளான்னு கேக்கா. நான் போட மாட்டேம்மான்னு சொல்லுதேன். நீ திரும்ப வந்து போட்டுட்டுப் போற."

அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் நுழைகிறபோது சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வேறு என்ன செய்ய முடியும்.

அவள் வேட்பாளரை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. வாய்க்காலுக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் வரப்பில் ஒரு பனை காற்றில் விழுந்து கிடந்தது. அவரிடம் போய்க் கேட்டாள். எடுத்துக்கொள் என்றார். தெரு ஆண்கள் அதை நெடுக்காகப் பிளந்து, வாய்க்காலுக்குக் குறுக்கே பக்கம் பக்கமாகப் போட்டு, உருளாமல் இருக்க இரண்டு கரையிலும் முளை அடித்தார்கள். அதைப் பாலம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆள் நடக்கலாம். வெறுமனே நடந்து பார்த்தால் போதாது என்று அவள் சொன்னாளாம். வீட்டுக் கட்டிலில் அம்மை படுத்திருந்ததால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கட்டிலை வாங்கி, அதில் கருங்கல்லை ஏற்றி, நான்கு பேர் தோளில் வைத்துக் குறுக்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். நானும் நின்று பார்த்தேன். கல்லோடு கட்டில் திரும்பி வந்ததும் அவள் வீட்டுக்கு ஓடினாள்.

"ஆடிச்சாட்டி?" என்று அம்மை கேட்டது வாசல்வரை கேட்டது.

"ஆடல அம்மா."

அன்று சாயங்காலம் நான் கடையில் போய் வேட்பாளரிடம், கீழத்தெருக்காரர்கள் பனந்தடி போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"எவன் போடச் சொன்னான்?"

"அவியளே போட்டுட்டாவ அண்ணாச்சி."

"தடி கெடந்தா பாலம் எதுக்குன்னு கேப்பான்லா? இத்தனை நாள் மைக்குல கத்துனதுக்கு என்னலே அர்த்தம்?"

அவருக்குப் பின்னால் கூரை முட்ட சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது. அதைத் தோளில் இறக்குகிற ஆள் ஒருவன், கீழத்தெருக்காரன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இதுல கொஞ்சம் எடுத்துப் போட்டா பாலமே கட்டிரலாம். பேசிட்டே இருக்காரு," என்றான். நாங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டோம்.

பிரச்சாரம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்கிறபோது அவளுடைய அம்மை இறந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. மச்சினன் ஃபோனை வைத்துவிட்டு, "அத்தான், கீழத்தெருவுல துட்டி. அதே வீடு," என்றார். துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. வேட்பாளர் அப்போது இட்லி தின்றுகொண்டிருந்தார். கடவுள் நேரில் வந்து ஓட்டுப் போட்ட மாதிரி அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அழித்துவிட்டு, "பாவம்," என்றார். பிறகு, "வீடியோக்காரன வரச் சொல்லு," என்றார்.

வாசல் நிலையில் நுழையாத அளவுக்கு ஒரு மாலை தென்காசியிலிருந்து வந்தது. அதைச் சாய்த்து உள்ளே கொண்டுபோகவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைப் போட்டுவிட்டு அக்காவைக் கும்பிட்டார். பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. துண்டில் வீடியோக்காரனுக்குத் தெரிகிற மாதிரி பூட்டு சாவி அச்சடித்திருந்தது. "இதே வீட்டுல ரெண்டாவது உசிரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தண்ணீரில் விழுந்தவர் விழுவதற்கு முன்னாலேயே செத்துப்போனவர் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

வண்டியை வாய்க்கால் கரையில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். எரித்து முடிந்ததும் அங்கேயே அவர் பேச வேண்டுமாம். டிரைவரும் நானும் போய் நிறுத்தினோம். மலையில் மழை. தண்ணீர் காப்பி நிறத்தில் வேகமாகப் போயிற்று. மச்சினனும் கடை ஆட்களும் கடப்பாரை வைத்துப் பனந்தடிகளை நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி எடுக்கீய? இப்ப பாடை வரும்லா?"

"அதுக்குத்தான்லே எடுக்கோம். அத்தான் தண்ணிக்குள்ள எறங்கித் தோள் குடுக்காவ. வீடியோவுல தடி தெரிஞ்சா நல்லாருக்குமா? பொறவு போட்ருவோம்."

தடிகளைக் கரையோரத் தாழம்புதருக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். பிடுங்கிய முளைகளைத் தண்ணீரிலேயே விட்டெறிந்தார்கள். இது மச்சினனின் கிறுக்குத்தனமாக இருக்கும், வேட்பாளருக்குத் தெரிந்தால் நிறுத்துவார் என்று நினைத்துத் திரும்ப ஓடினேன். அந்த நினைப்புக்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பந்தலில் அவர் காதருகே குனிந்து சொன்னேன். துக்க முகத்தைக் கொஞ்சமும் கலைக்காமல், உதடு மட்டும் அசைய, "நான்தான்லே எடுக்கச் சொன்னேன். போய் வண்டியப் பாரு," என்றார்.

கொள்ளி வைக்க வேண்டியவன் அக்காவின் தாய்மாமன் மகன். அம்மையைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போய்விட்டு, ஈர வேட்டியோடு அப்போதுதான் வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். நான் சொன்னது அவனுக்கு ஏறவே இல்லை. "மொதல்ல அத்தைய எடுப்போம்," என்று உள்ளே போய்விட்டான். பாடை கிளம்பிவிட்டது. வேட்பாளர் பாய்ந்து முன்பக்கம் தோள் கொடுத்தார். தெரு முக்கில் வழக்கப்படி பெண்கள் நின்றுவிட்டார்கள். அக்கா அங்கே மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாள். நான் கிட்டத்தில் போய், "அக்கா, தடிய எடுத்துட்டாவ," என்றேன்.

அவள் யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. நடந்தாள். நடை ஓட்டமாயிற்று.

"ஏட்டி, பொம்பள போவக்கூடாதுட்டி!"

"அவளப் புடிங்கட்டி!"

யாரும் பிடிக்கவில்லை. பாடை கரைக்கு வருவதற்குள் அவள் முந்திப் போய், இறங்குகிற இடத்தில் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"தடி எங்க?"

"தங்கச்சி, நீ ஏன் இங்கன வந்த?" என்றார் வேட்பாளர். "நான் இருக்கேன்லா. ஒரு சொட்டு படாமக் கொண்டு சேர்ப்பேன்."

"எங்க அப்பாவத் தூக்குனவனும் இப்படித்தான் சொன்னான். தடியப் போடுங்க."

"நேரம் ஆவுதும்மா. பாடைய வச்சுகிட்டு நடுவழியில பேசலாமா?"

பாடையை அந்த இடத்தில் தரையில் இறக்கக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இறக்காமல் நிற்கவும் முடியாது. கனம். அவள் நகரவில்லை. தூக்கியிருந்தவர்கள் எல்லோரும் பனையைப் பிளந்தவர்கள்தான். பின்பக்கம் தோள் கொடுத்திருந்தவர், கொஞ்சம் வயசானவர், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வே, சிமெண்ட் கடைக்காரரே. தோளு எறங்குது. தடிய எடுத்தது ஒம்ம ஆளுவன்னா போடச் சொல்லும். இல்லன்னா நீரு மட்டும் தண்ணியில போவும்."

வேட்பாளர் வீடியோக்காரனைப் பார்த்தார். அவன் எடுத்துக்கொண்டிருந்தான். ஊரே எடுத்துக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் ஃபோன். அவர் மச்சினனைப் பார்த்துத் தலையை அசைத்தார். புதருக்குப் பின்னால் இருந்து தடிகள் திரும்ப வந்தன. இழுத்துப் போட்ட ஆட்களே மூச்சு வாங்கக் கொண்டுவந்து குறுக்கே போட்டார்கள். ஒருவன் கால் வைத்துப் பார்த்தான். தடி உருண்டது. முளைகள் தண்ணீரோடு போயிருந்தன.

"யாராவது எறங்கிப் புடிக்கணும்," என்றார் பின்பக்கத்துப் பெரியவர்.

கடை ஆட்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா வேட்பாளரிடம் திரும்பினாள்.

"நீங்க தண்ணியில எறங்கத்தான வந்தீய? எறங்குங்க."

அவர் தோளிலிருந்த கழியை வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார். இறங்குவதைத் தவிர அவருக்கு வழியில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். இடுப்புக்கு மேல் தண்ணீர். எதிர்ப்பக்கம் மச்சினன் செயினைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தடிகளைத் தோளோடு சேர்த்து அணைத்துப் பிடித்தார்கள். பாடை ஏறியது. முன்னால் போனவர்கள் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து நகர்ந்தார்கள். வேட்பாளர் தலைக்கு நேர் மேலே பாடை வந்தபோது வீடியோக்காரன் கரையிலிருந்து, "அண்ணாச்சி, இங்கன!" என்றான்.

நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த மனுஷன் கும்பிடுவதற்காகத் தடியிலிருந்து கையை எடுத்தார்.

தடி ஒரு பக்கம் இறங்கியது. பாடை சாய்ந்தது. கட்டிய மாலையிலிருந்து பூக்கள் தண்ணீரில் விழுந்து ஓடின. அக்கா கரையில் நின்றபடி இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், அங்கிருந்தே பிடித்துவிடுகிற மாதிரி.

"ஏலே மடப்பயலே, கைய வைலே!" என்று மேலே இருந்து பெரியவர் கத்தினார். கொஞ்சம் முன்னால்வரை மரியாதையாக வே என்றவர்.

அவர் கையை வைத்தார். தடி நேரானது. நால்வரும் அசையாமல் நின்று, மூச்சு விட்டு, மறுபடி நகர்ந்தார்கள். ஒவ்வொருவராக அக்கரையில் கால் வைத்தார்கள். பாடையின் அடிக்கழியில்கூடத் தண்ணீர் படவில்லை. அங்கே போய் நின்று தாய்மாமன் மகன் திரும்பி, "சேந்துட்டுக்கா!" என்று கத்தினான். அப்போதுதான் அவள் கையைக் கீழே போட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் தெருவுக்குத் திரும்பி நடந்தாள்.

வேட்பாளர் சேற்றோடு கரையேறி, முதலில் கேட்டது, "மூஞ்சி தெரிஞ்சுதா?"

தெரிந்திருந்தது. ரொம்ப நன்றாகவே தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்து ஃபோன்களிலெல்லாம் அது ஓடியது. கையை எடுத்த இடத்தை வெட்டிவிட்டு, சோகப் பாட்டு சேர்த்து, 'ஒரு தாயின் கடைசிப் பயணத்துக்குத் தன் தோளையே பாலமாக்கியவர்' என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எடுத்த முழு வீடியோவும் சுற்றியது. அதையும் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஆனால் வெட்டிய வீடியோவைத்தான் அடுத்தவனுக்கு அனுப்பினார்கள். எனக்குப் புதுத் தாள் ஒன்று எழுதி வந்தது. அதை ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். தாளை டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு செங்கோட்டை பஸ் ஏறினேன். லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. அங்கே பேச வேண்டியதில்லை.

அவர் ஜெயித்துவிட்டார் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். நல்ல வித்தியாசத்தில். எனக்கு ஆச்சரியமாக இல்லை, ஆனால் கீழத்தெருவிலும் அவருக்கு நிறைய விழுந்தது என்றார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்தவர்கள்தானே, கையால் தடியைப் பிளந்தவர்கள்தானே என்று நினைத்தேன். ஜனங்கள் மேலும் ஒரு வெறுப்பு வந்தது. எனக்கு ஓட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வெறுப்புக்கு அது தடையாக இல்லை.

அடுத்த சீசனில் மறுபடியும் குற்றாலத்தில் எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். மெயினருவிப் பக்கம் ஒரு லாட்ஜிலிருந்து அந்த அக்கா அழுக்குப் போர்வை மூட்டையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏலே, மைக்கு. இங்கனயா கெடக்க?"

நான் சுற்றி வளைக்கவில்லை. மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அக்கா, நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டிய?"

"அவனுக்குத்தான்."

"அவனுக்கா? ஒங்க அம்மைய..."

"எதுக்குக் கத்துத. தெருவுல எல்லார்ட்டயும் நான்தான் போடச் சொன்னேன்." சுற்றி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "தோத்துருந்தான்னா அடுத்த எலெக்சனுக்கும் அவனுக்கு அந்த வாய்க்கால் வேணும்லா? அதுவரைக்கும் எவன் சாவான்னு பாத்துகிட்டே கெடப்பான். திரும்பவும் தடியத் தூக்குவான். எங்க அத்தை ஒருத்தி இருக்கா. மேலுக்கு ரொம்ப முடியல. அவளையும் கொண்டுபோய்ச் சேக்கணும்லா."

"ஜெயிச்ச பொறவு வந்தானா?"

"எட்டிக்கூடப் பாக்கல," என்றாள், ரொம்பத் திருப்தியாக. பிறகு மூட்டையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள்.